தட்டிக்குப் பின்னால் ஒரு கொல்லை

தென் தில்லியில் எங்கள் தரைத்தள வீட்டின் பின்னால் 18 அடிக்கு 14 அடியில் ஒரு கொல்லை இருக்கிறது. இந்த நகரத்தில் அது பெரிய சொத்து. ஏப்ரல் பிறந்ததும் அம்மா அங்கே பழைய வேட்டியை விரித்து வடாம் பிழிவாள். தில்லி வெயிலில் அது ஒரே நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன்பு, பின்சந்துக்கு அப்பால் இருந்த ஒற்றை மாடி வீட்டை இடித்து நான்கு தளம் எழுப்பினார்கள். பால்கனிகள் எல்லாம் எங்கள் பக்கம். அந்தக் கோடையில் அம்மா வடாம் பிழியவில்லை. யாரும் எதுவும் சொல்லிவிடவில்லை, முறைத்தும் பார்க்கவில்லை. "முதுகுல யாரோ கண்ணை வெச்சுண்டிருக்கற மாதிரி இருக்குடி" என்றாள்.

மரத்தில் ஒரு மறைப்பு போடுவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன். முதலில் போட்டது இரண்டு மழைக்காலத்தோடு விழுந்தது. அது ஏன் விழுந்தது என்று தேடப் போனதில் சட்டம், காற்று, கறையான், மரவியாபாரம் என்று பல திசைகளுக்குப் போக வேண்டியிருந்தது. தில்லியில் மரவேலி போட நினைக்கிற எவருக்கும் இவை எல்லாமே தேவைப்படும் என்பதால் ஒன்றாக எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்க்கலாம். தமிழில் தட்டி என்பதை இந்தியிலும் டட்டி என்றுதான் சொன்னார்கள். கோடையில் வாசலில் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளிக்கும் வெட்டிவேர் மறைப்புக்கு 'கஸ் கி டட்டி' என்று பெயர். பிற்பாடு மறைப்புக்குப் பின்னால் நடக்கிற காரியத்தின் பெயராகவே அந்தச் சொல் சுருங்கிவிட்டதால் இன்று தில்லியில் யாரும் அதை வேலிக்குச் சொல்வதில்லை. மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்த மறைப்பை இங்குள்ள தச்சர்கள் ஜாஃப்ரி என்கிறார்கள். மூங்கில் திரை என்றால் சிக். கல்லில் துளையிட்டது ஜாலி. மூன்றிலும் ஓட்டை உண்டு என்பதை முதல் முறை நான் கவனிக்கவில்லை.

பழைய தில்லி வீடுகள் வேலி போட்டதே இல்லை. சாந்தினி சௌக்கின் ஹவேலிகள் தெருவுக்கு முதுகைக் காட்டி, நடுமுற்றத்துக்கு முகத்தைக் காட்டின. வீடே வேலி. 1911-க்குப் பிறகு கட்டிய புதுதில்லியில் இது தலைகீழானது. பங்களா நடுவில், தோட்டம் சுற்றிலும், எல்லையில் தாழ்ந்த சுவரும் அடர்ந்த செடிவேலியும். பின்னர் வந்த அரசாங்கக் காலனிகளில் தரைத்தளக்காரர்கள் அந்தப் பழக்கத்தைச் சிறிய அளவில் பின்பற்றினார்கள். மருதாணி, டுராண்டா, காமினி, நம் ஊர்க் கொடுக்காப்புளி. அதை இங்கே ஜங்கல் ஜலேபி என்பார்கள். இந்த வழக்கத்தில் மரப்பலகை வேலிக்கு இடமே இல்லை. நாம் படத்தில் பார்க்கிற, ஆறடி உயரத்தில் பலகையோடு பலகை ஒட்டி நிற்கிற மறைப்பு வட அமெரிக்கப் புறநகரிலிருந்து வந்தது. அங்கே ஊசியிலை மரம் மலிவு, வீடுகள் தாழ்வு, பக்கத்து வீட்டின் கண் தரை மட்டத்தில் இருக்கிறது. தில்லியில் இந்த மூன்றில் ஒன்றும் கிடையாது.

தமிழர்களில் வேலியை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் யாழ்ப்பாணத்தார். கிளுவை, பூவரசு, முருங்கைக் கதியால்களை நட்டு, அவை வேர்பிடித்து உயிர்வேலியான பிறகு, அவற்றின் மேல் கிடுகையோ பனையோலையையோ வரிந்து அடைப்பார்கள். கதியால் நிலைக்கும், ஓலை மட்டும் மாறும். மக்குகிற பகுதியையும் நிலைக்கிற பகுதியையும் தனித்தனியாக வைத்த அந்த அறிவுதான் என் இரண்டாவது வேலிக்கு வழி காட்டியது. அங்கே வேலிச்சண்டைகள் நீதிமன்றம் வரை போனதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. கதியாலைப் பிடுங்கி ஓரடி தள்ளி நட்டால் எல்லையே நகர்ந்துவிடும்.

பார்க்கிறவன் கண்ணை மூட வேண்டுமா, பார்க்கப்படுகிறவன் திரை போட வேண்டுமா என்பதில் சட்டம் இரண்டு பதில்களைச் சொல்லியிருக்கிறது. 1865-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, டாப்ளிங் – ஜோன்ஸ் வழக்கில், அயலான் தன் சுவரில் புதிதாக ஜன்னல் திறப்பது குற்றமல்ல என்றது. பிடிக்காதவர் தம் நிலத்தில் எதையாவது எழுப்பி மறைத்துக்கொள்ளலாம். தனிமை மறைப்பின் முழுத் தத்துவமும் இதில் இருக்கிறது. இந்தியாவில் பதில் வேறு மாதிரி வந்தது. 1882-ஆம் ஆண்டின் இந்திய அனுபோக உரிமைச் சட்டம், தொடக்கத்தில் சென்னை மாகாணத்தையும் உள்ளடக்கி நடைமுறைக்கு வந்தது. அதன் 18-ஆம் பிரிவு வழக்காற்று உரிமைகளைப் பற்றியது. அந்தப் பிரிவின் ஓர் எடுத்துக்காட்டு, அயல்வீட்டின் அந்தரங்கம் கெடும்படி யாரும் புது ஜன்னல் திறக்கக் கூடாது என்ற வழக்கம் உள்ள ஓர் ஊரைக் காட்டுகிறது. 1888-இல் கோகுல் பிரசாத் – ராதோ வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அப்படி ஒரு வழக்காற்று உரிமை வடமேற்கு மாகாணங்களில் இருப்பதை ஏற்றது. பெண்கள் புழங்கும் இடத்தைப் பார்க்கும்படி கட்டப்பட்ட தாழ்வாரமும் கதவுகளும்தான் அங்கே விவகாரம். தில்லி அப்போது பஞ்சாபோடு இருந்ததால் அலகாபாத்தின் வரம்புக்குள் வரவில்லை. 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். ஆனால் நான்கு தளம் கட்ட விதியே இடம் தருகிற நகரில், அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டு பால்கனியை மூடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கும் காற்று வேண்டும். நடைமுறையில் நமக்கு மிஞ்சுவது 1865-இன் பதில்தான்: நம் இடத்தில் நாம் எழுப்பிக்கொள்வது.

எவ்வளவு உயரம் எழுப்பலாம்? தேசியக் கட்டட விதித்தொகுப்பு சுற்றுச்சுவரை 1.5 மீட்டரில் நிறுத்துகிறது. மேல் 0.9 மீட்டர் காற்றும் வெளிச்சமும் புகும்படி திறப்பாக இருந்தால் 2.4 மீட்டர் வரை அனுமதி கொடுக்கலாம் என்கிறது. தெருமுனை மனையில் வண்டி ஓட்டுகிறவர் கண்ணுக்காக இன்னும் தாழ்வு. உள்ளூர் அமைப்பின் விதியைப் பார்த்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். அதைவிட முக்கியமான கேள்வி, கொல்லை உண்மையிலேயே நம்முடையதா என்பது. 1957-இல் அமைந்த தில்லி வளர்ச்சி ஆணையத்தின் அடுக்குக் குடியிருப்புகளில், தரைத்தளக்காரர்கள் தம்முடையது என்று நினைத்து வேலி கட்டிய பச்சைத்துண்டு பல இடங்களில் பொதுநிலம். பத்திரத்தில் கோடு எங்கே ஓடுகிறது என்று பார்க்காமல் குழி தோண்டினால், வேலி போட்டவரே ஆக்கிரமிப்பாளர் ஆகிவிடுவார்.

குழி தோண்டும்போது வேப்பமரம் குறுக்கே வந்தால் 1994-ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டம் வந்து நிற்கும். தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் 5 செ.மீ. தடிமனும், மொத்தம் ஒரு மீட்டர் உயரமும் இருந்தால் அது சட்டப்படி மரம். அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. மரத்தடியைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் கான்கிரீட் போடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் தில்லிக்கு உத்தரவிட்டது. கம்பத்தின் அடித்தளத்தை மரத்திலிருந்து தள்ளி வைப்பதே நல்லது. வேலியின் கோடு கொஞ்சம் வளைந்தால் வளையட்டும்.

இனி நான் முதலில் செய்த பெரிய தவறு. கண் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடாமல் ஆறடி என்று முடிவு செய்துவிட்டேன். எதிர்வீட்டு இரண்டாம் மாடி பால்கனியில் நிற்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 8 மீட்டர். என் வேலிக்கும் அவருக்கும் இடையே 6 மீட்டர். வேலி 1.8 மீட்டர். அந்தக் கண்ணிலிருந்து வேலியின் உச்சியைத் தொட்டு ஒரு நேர்கோடு இழுத்தால், வேலியைத் தாண்டியதும் அது ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் சரிகிறது. முக்காலியில் உட்கார்ந்திருக்கிறவரின் தலை 1.2 மீட்டர் என்று வைத்தால், வேலியை ஒட்டி இரண்டடிக்குள் இருந்தால்தான் அவர் மறைவார். 14 அடிக் கொல்லையில் இரண்டடி! மீதிப் பன்னிரண்டு அடியும் மேலே உள்ளவருக்குத் திறந்த புத்தகம். 2007 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட தில்லிப் பெருந்திட்டம் மனைவீடுகளுக்கு 15 மீட்டர் உயரம் தந்தது. கீழே வண்டி நிறுத்தத் தூண்தளம் விட்டால் இன்று 17.5 மீட்டர். நகரமே மேல்நோக்கிப் போய்க்கொண்டிருக்க, பக்கவாட்டு வேலி தரைமட்டக் கண்ணையும் சந்தில் நடப்பவரையும் மட்டுமே தடுக்கும். மேலிருந்து வரும் பார்வைக்கு மேலேதான் தடுப்பு வேண்டும்.

முதல் வேலியை ஒரு மரக்கடையில் 'சீட்' வாங்கி அடித்தேன். சீட் என்றால் பைன். பார்க்க வெண்ணெய் போல் இருந்தது, மற்ற மரங்களைவிட விலையும் குறைவு. இந்த மரம் தில்லிக்கு வந்து சேரும் கதை நீளமானது. கூடலூர்ப் பகுதிக் காடுகளுக்காக கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12-இல் பிறப்பித்த உத்தரவு, நாடெங்கும் காட்டு மரவெட்டைக் கட்டுப்படுத்தியதோடு வடகிழக்கிலிருந்து மரம் வெளியேறுவதையும் நிறுத்தியது. நீலகிரியில் தொடங்கிய வழக்கு தில்லித் தச்சரின் பட்டறை வரை எட்டியது. இதற்கிடையே 1993-இலேயே மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரத்தை விலக்கியிருந்தது. அந்தத் தடை 2020-இல்தான் நீங்கியது. உள்நாட்டுக் காட்டுமரம் குறைந்த இடத்தை இறக்குமதி நிரப்பியது. நியூசிலாந்து போன்ற நாடுகளின் பைன் தடிகள் கண்ட்லா துறைமுகத்தில் இறங்கி, காந்திதாமில் அறுபட்டு, கீர்த்தி நகர் போன்ற சந்தைகளுக்கு வருகின்றன. நியூசிலாந்தில் வெளிவேலிக்கு இதே மரத்தை மருந்தேற்றாமல் பயன்படுத்த மாட்டார்கள். இங்கே அது பெரும்பாலும் பெட்டி அடிக்கவும் கான்கிரீட் அச்சுக்கும் போகிறது, மருந்து ஏறியிருக்காது. அதை மண்ணில் நட்டது என் அறியாமை.

மருந்து என்றதும் ஒரு மனிதரைச் சொல்லியாக வேண்டும். டேராடூனின் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சோண்டி காமேசன், 1930-களில் செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றையும் சேர்த்து மரத்தைக் காக்கும் ஒரு கலவையைக் கண்டுபிடித்தார். செம்பு பூஞ்சையைத் தடுக்கும், ஆர்செனிக் பூச்சியைக் கொல்லும், குரோமியம் இரண்டையும் மரநாரோடு பிணைத்து மழையில் கரையாமல் பிடித்துக்கொள்ளும். ஆஸ்கு என்று பெயர் பெற்ற அந்த மருந்து உலகம் முழுவதும் போனது. அமெரிக்கக் கொல்லைப்புறங்களில் பல பத்தாண்டுகள் நின்ற இளம்பச்சை நிற வேலிகளுக்கு உயிர் கொடுத்தது டேராடூன் வேதியியல். ஆர்செனிக் பற்றிய அச்சத்தால் 2003 முடிவோடு அங்கே வீட்டு உபயோகத்திலிருந்து அதை விலக்கிக்கொண்டார்கள். குழந்தைகள் தொடும் இடத்தில், கீரை விளையும் மண்ணருகில் நானும் அதைச் சொல்ல மாட்டேன். ஆனாலும் இந்த நாட்டில் மரவேலியைப் பற்றிப் பேசுகிறவர்கள் காமேசனின் பெயரைக்கூட அறியாமல் இருப்பது எனக்கு வருத்தம். பள்ளிப்பாடத்தில் இருக்க வேண்டிய பெயர் அது.

போராக்ஸ் – போரிக் அமிலக் கரைசல் பாதுகாப்பானது, தச்சரே முக்கி எடுக்கலாம். ஆனால் மழையில் கரைந்து போகும் என்பதால் மேலே எண்ணெயோ வண்ணமோ பூசி அடைக்க வேண்டும். எரிந்த மோபில் ஆயிலை அடிப்பது இங்கே வழக்கம். நாற்றமும் மண்ணுக்குக் கெடுதலும்தான் மிச்சம். கம்பத்தின் அடியைத் தீயில் கருக்கி நடுவது நம் கிராமங்களிலும் உண்டு. கருகிய தோலில் விரிசல் விழுந்ததும் கறையானுக்கு வாசல் திறந்துவிடும்.

கறையானை இங்கே தீமக் என்கிறார்கள். யமுனையின் வண்டல் மண் அதற்குப் பிறந்த வீடு மாதிரி. என் கம்பங்களை அது வெளியிலிருந்து தின்னவில்லை. மண்ணுக்குக் கீழே நுழைந்து, உள்ளே கோறையாக்கி, வண்ணம் பூசிய தோலை மட்டும் அப்படியே விட்டு வைத்திருந்தது. 2022 மே 30 மாலை வந்த ஆந்தி, அதாவது தில்லியின் கோடைப் புழுதிப்புயல், நகரம் எங்கும் மரங்களைச் சாய்த்தது. ஜாமா மசூதியின் நடுக்கவிகைக் கலசம் உடைந்ததும் அன்றுதான். என் வேலி மொத்தமாகப் படுத்துவிட்டது.

குற்றம் கறையான் மேல் மட்டும் இல்லை. மணிக்கு 100 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 47 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். 8 அடி நீளம், 6 அடி உயரம் உள்ள ஓட்டையில்லாத ஒரு பலகைத் தட்டியின் மேல் அது 200 கிலோவைத் தாண்டுகிறது. மூன்று பேர் ஒரே நேரத்தில் தள்ளுவது போல. சுவருக்கு இருக்கும் தன் எடை பலகைக்குக் கிடையாது. அது கப்பற்பாயாகிவிடும். ஜாஃப்ரியின் ஓட்டை அலங்காரத்துக்கு என்று நினைத்திருந்தேன். அது இந்தச் சமவெளி கண்டுபிடித்த பொறியியல். காற்றில் பெரும்பகுதியை விட்டுவிடும், வெயிலைச் சல்லடை போடும், வெளிச்சத்தில் நிற்பவருக்கு நிழலில் இருப்பவரைக் காட்டாது. ஹுமாயூன் கல்லறையின் ஜாலிகளுக்கு உள்ளே நின்று தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இரண்டாவது முறை சஹாரன்பூரிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட ஒரு மூத்த மிஸ்திரியிடம் போனேன். முதலில் அவர் மரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "பேட்டி, லக்டி கோ மிட்டி மத் திகானா" என்றார். மரத்துக்கு மண்ணைக் காட்டாதே, மகளே. கம்பங்களுக்குத் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், இரண்டரை அடி ஆழத்தில் கான்கிரீட். கான்கிரீட்டின் தலை மண்ணுக்கு மேலே ஓரங்குலம் சரிவாக நிற்கும், தண்ணீர் தேங்காது. கடைசிப் பட்டி தரையிலிருந்து மூன்றங்குலம் உயரத்தில் இருப்பதால், கறையான் ஏறினால் அதன் மண்குழாய் வெளியே தெரியும். யாழ்ப்பாணத்துக் கதியாலின் இடத்தில் இரும்பு, கிடுகின் இடத்தில் மரப்பட்டி.

மரத்துக்கு அவர் காட்டிய வழி, இடித்த வீடுகளின் சௌகட், அதாவது பழைய நிலைச்சட்டங்கள். தேவதாரும் சாலும் அதில் கிடைக்கும். தேவதாருவின் எண்ணெயே பூச்சிக்கு ஆகாது. பிரிட்டிஷ் காலத்தில் இமயத்தின் தேவதாரு ரயில்தண்டவாளத்துக்குக் கட்டையாகப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். சாலுக்கு ஆயுள் அதிகம், ஆனால் கனம், ஆணி ஏற்காது, முதலில் துளையிட வேண்டும். புதுத் தேக்கு வேலிக்கு வீண்செலவு. சஃபேதா பல்லி எனப்படும் யூகலிப்டஸ் கழி மலிவு, மண் தொட்டால் சீக்கிரம் மக்கும். மூங்கிலை 2017-இன் சட்டத்திருத்தம், காட்டுக்கு வெளியே வளர்ந்தால் மரம் அல்ல என்று விடுவித்ததால் கொண்டுவருவது எளிது. வெயிலில் பிளந்து, துளைவண்டு மாவாக்கிவிடும் என்பதை ஏற்றுக்கொண்டு, சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்றத் தயாரானால் அழகான வேலி. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகையைப் பலர் போடுகிறார்கள். மே மாதத்தில் தொட முடியாமல் சுடும், உடைந்தால் தச்சரால் ஒட்டுப்போட முடியாது. எனக்குப் பிடிக்கவில்லை.

தில்லியில் மரம் ஓயாமல் மூச்சு விடுகிறது. ஜூனின் லூ என்னும் அனல்காற்றில் மரத்தின் ஈரம் 5 சதவீதத்தை ஒட்டிச் சுருங்கும், ஆகஸ்டில் 15-ஐத் தொடும். அந்தப் பத்து சதவீத வித்தியாசத்தில் ஆறங்குலப் பலகை அகலவாக்கில் ஒரு நூலுக்குச் சற்று மேல் விரியும். நம் ஆசாரிகள் அங்குலத்தின் எட்டில் ஒன்றை நூல் என்கிறார்கள். மிஸ்திரியும் அதையே ஸூத் என்றார், அந்தச் சொல்லுக்கும் நூல் என்றே பொருள். இரண்டாயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் இரு தச்சர் மரபுகள் ஒரே அளவை ஒரே பொருளால் அழைப்பதைக் கேட்டு நான் வேலையை மறந்து நின்றேன். அவர் இரண்டரை அங்குலப் பட்டிகளாக அறுத்து, இடையில் ஓரங்குலம் விட்டு, கண்மட்டத்தில் மட்டும் இடைவெளியை நெருக்கி, சாய்வாகத் திருகினார். ஆணி கிடையாது, துருப்பிடிக்காத திருகு. ஒரு பட்டி கெட்டால் அதை மட்டும் கழற்றலாம். ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை.

குழிக்கு முன்பே இரு பக்கத்து வீட்டாரையும் அழைத்துக் கோட்டைச் சுண்ணாம்பில் போட்டுக் காட்டினேன். வலப்பக்கத்துப் பாபிஜி தன் துளசிக்குக் காலை வெயில் போய்விடுமே என்றார். அந்த மூலையில் உயரத்தை நாலடியாகக் குறைத்தோம். முதல் வேலிக்கு நான் யாரையும் கேட்கவில்லை. அது விழுந்தபோது விழுந்ததும் அவர் பக்கம்தான், இரண்டு தொட்டிகள் உடைந்தன. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

மேல்பார்வைக்கு, வேலிக்கும் வீட்டுச்சுவருக்கும் இடையே ஏழடி உயரத்தில் நான்கு குழாய்ச் சட்டம் போட்டு, மதுமாலதியை ஏற்றினோம். நம் ஊரில் ரங்கூன் மல்லி. இரண்டு கோடையில் பந்தல் மூடிவிட்டது. ஏப்ரலில் அதன் நிழல் தொடாத மூன்றடிக் கீற்றில், வேலியை ஒட்டி, அம்மா மறுபடி வடாம் பிழிகிறாள். கணக்குப்படி மறைவு கிடைக்கிற இரண்டடியும் அந்தக் கீற்றுக்குள்தான் வருகிறது.

ஜனவரியில் மதுமாலதி பாதி இலையை உதிர்த்துவிடும். அந்த மாதம்தான் எல்லாருக்கும் வெயில் வேண்டும். மேலே பால்கனியில் ஒரு மூதாட்டி பாயில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கிறாள். கீழே அம்மா முதுகை அவள் பக்கம் திருப்பி உட்கார்ந்து அதையே உரிக்கிறாள். சிக் ஒன்று தொங்கவிடட்டுமா என்று கேட்டேன். "வெயிலை மறைக்கும், வேண்டாம்" என்றாள்.